மீதி 15 மில்லிமீட்டர் எங்கே? கலிபோர்னியாவிலிருந்து நெவாடா வரை

வெள்ளி, ஹாலிஸ்டர்

கண்டத் தட்டுகள் எவ்வளவு விறைப்பானவை என்று வண்டியில் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். பள்ளிப் புத்தகத்தில் வந்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: உலக வரைபடத்தின் மேல் சிவப்புக் கோடுகள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் இன்னொன்று, இரண்டும் உரசினால் நிலநடுக்கம், பாடம் முடிந்தது. அந்தக் கோடுகளில் ஆகப் பிரபலமான சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஓடுகிறது. அங்கே ஆரம்பித்து, கிழக்கே நிலம் எதுவரை நெளிந்து கிடக்கிறது என்று நெவாடா வரை பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

கூட வருபவர் என் மாமனார். திண்டுக்கல் பக்கம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பார்க்க வந்தவர், "வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து என்ன செய்யப்போறேன், நானும் வர்றேன் மாப்பிள்ளை" என்று தானாகவே பையைக் கட்டிவிட்டார்.

ஹாலிஸ்டரில் பார்க்க வேண்டியது நடைபாதையின் ஓரக்கல்தான். சான் ஆண்ட்ரியாஸிலிருந்து கிளைத்துப் போகும் கலாவெராஸ் பிளவு ஊருக்கு நடுவே வீடுகளுக்கு அடியில் போகிறது, அது பெரிதாகக் குலுக்காமல் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேராகப் போட்ட ஓரக்கல் ஒரு இடத்தில் வலது பக்கம் விலகி, பிறகு மறுபடி நேராகப் போகிறது. மதில் சுவர் ஒன்று வளைந்து நிற்கிறது. மாமா குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கல்வரிசையைப் பார்த்துவிட்டு, "ஒரு சாணுக்கு மேல விலகியிருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்து ஊரான ஹேவர்டிலும் இப்படி ஒரு ஓரக்கல் இருந்தது. புவியியல்காரர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் படம் பிடித்துவைத்து ஒப்பிட்டு வந்தார்கள். 2016-ல் நகராட்சி ஆட்கள் வந்து, கல் கோணலாக இருக்கிறதே என்று பெயர்த்துவிட்டு நேராகப் புதிது போட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சனி, பார்க்ஃபீல்டு

25-ஆம் நெடுஞ்சாலை, ஏறக்குறைய பிளவின் மேலேயே போகும் சாலை. வழியில் பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவில் கொஞ்ச நேரம் நின்றோம். சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைகள், அதன் மற்றொரு பாதி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நீனாக் என்ற இடத்தில் கிடக்கிறது, இடையே 300 கி.மீ.க்கும் மேல். ஒரே எரிமலையைப் பிளவு வெட்டிப் பாதியை வடக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதைப் பார்த்தால் புத்தகப் படம் சரிதான் என்று தோன்றும்: இரண்டு விறைப்பான பலகை, நடுவே சுத்தமான ஒரு வெட்டு.

பார்க்ஃபீல்டில் அந்தப் படத்தைப் பலகையாகவே நட்டுவைத்திருக்கிறார்கள். இருபது பேர் இருப்பார்களோ என்னவோ, அவ்வளவு சின்ன ஊர். ஓடைக்கு மேல் ஒரு பாலம், பாலத்தின் ஒரு முனையில் பசிபிக் தட்டு என்றும் மறுமுனையில் வட அமெரிக்கத் தட்டு என்றும் போர்டு. பாலத்தின் கைப்பிடிக் கம்பி லேசாக வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. எல்லோரையும் போல நாங்களும் இந்த முனையிலும் அந்த முனையிலும் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

மாமா போர்டைச் சுற்றி வந்தார். "இந்த எல்லைக் கல்லை எந்த சர்வேயர் நட்டது மாப்பிள்ளை? எல்லைன்னா ரெண்டு பக்கமும் தகராறு இல்லாம இருக்கணும். இங்க அளந்துதான் நட்டாங்களா, பாலம் வசதியா இருந்துச்சுன்னு நட்டாங்களா?"

நல்ல கேள்வி. பிளவு இந்த இடத்தில் போவது உண்மை, அதில் தகராறு இல்லை. ஆனால் தட்டின் எல்லையும் பிளவும் ஒன்றா என்பது வேறு விஷயம்.

இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறத்தாழ 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவுக்கு நிலநடுக்கம் வந்ததால், அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று 1985-ல் அதிகாரப்பூர்வமாகவே அறிவித்தார்கள். மலை முழுக்கக் கருவிகளை நட்டு, லேசர் வைத்துக் காத்திருந்தார்கள். 1993 வந்தது, போனது. நிலநடுக்கம் 2004 செப்டம்பர் 28 அன்று, தன் வசதிப்படி வந்தது. பிறகு பக்கத்திலேயே பிளவைத் துளைத்து மூன்று கி.மீ. ஆழத்திலிருந்து பாறை எடுத்துப் பார்த்தார்கள். வழவழப்பான களிமண் கனிமம் கிடைத்தது. இங்கிருந்து வடக்கே பிளவு ஏன் ஓசையின்றி ஊர்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

ஞாயிறு, கரிசோ சமவெளி

மழை இல்லாத காலம், புல் காய்ந்து வைக்கோல் நிறம், கண்ணுக்கு எட்டியவரை ஒரு ஆள் இல்லை. வாலஸ் ஓடை என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினால், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை பிளவைத் தொட்டதும் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, பிளவின் ஓரமாகவே 130 மீட்டர் போய், மறுபடி திரும்பிச் சமவெளியில் இறங்குகிறது. ஓடை வேண்டுமென்று வளையவில்லை. கீழ்ப்பாதி வடமேற்கே நகர்ந்துகொண்டே போக, தண்ணீர் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறது. கெரி சீ, ரிச்சர்ட் ஜான்ஸ் என்ற புவியியலாளர்கள் இருவரும் இங்கே குழி வெட்டி, கரித்துண்டுகளின் வயதைப் பார்த்து, இந்த 130 மீட்டர் நகர்வு சுமார் 3,700 வருடத்தில் நடந்தது என்று 1984-ல் எழுதினார்கள்.

மாமா தரையில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தார். வருடத்துக்கு 35 மி.மீ. வந்தது.

"சரி, தட்டு மொத்தமா எவ்வளவு நகருது?"

"வட அமெரிக்கத் தட்டைப் பார்க்க பசிபிக் தட்டு ஏறக்குறைய 50 மி.மீ. மாமா."

"அப்போ மீதி 15 எங்க?"

இந்தப் பயணத்தின் விஷயமே அந்த 15-தான். 1967-லும் 68-லும் ஜேசன் மோர்கன் ஒரு பக்கம், டான் மெக்கென்ஸியும் ராபர்ட் பார்க்கரும் இன்னொரு பக்கம், தட்டுகள் முற்றிலும் விறைப்பானவை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். உருண்டை மேல் விறைப்பான துண்டு எப்படி நகர்ந்தாலும் அதை ஒரு அச்சைச் சுற்றிய சுழற்சியாகச் சொல்லிவிடலாம் என்பது கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன தேற்றம். மூன்றே எண்ணில் ஒரு கண்டத்தின் நகர்வு முழுவதும் அடங்கிவிடும். கடலடியில் அது பிரமாதமாகப் பொருந்தியது, அதனால்தான் தட்டுக் கொள்கையே ஜெயித்தது. ஆனால் 1978-ல் மின்ஸ்டரும் ஜோர்டனும் உலகம் முழுக்க இந்தக் கணக்கைப் போட்டபோது கலிபோர்னியாவில் வருடத்துக்கு 56 மி.மீ. வர வேண்டும் என்று வந்தது, பிளவிலோ 35-க்குப் பக்கம்தான் கிடைத்தது. பிறகு 1990-ல் திருத்திய கணக்கில் 56 என்பது 48 பக்கம் இறங்கியது. அப்போதும் இடிக்கத்தான் செய்தது.

ஆக மீதி எங்கேயோ ஒளிந்திருக்கிறது. மேற்கே கடலோரப் பிளவுகளில் கொஞ்சம் இருக்கிறது. பெரும்பங்கு கிழக்கே, தட்டின் "உள்ளே" என்று புத்தகப் படம் சொல்லும் இடத்தில். நாளை அந்தப் பக்கம்தான் போகிறோம்.

திங்கள், ரிட்ஜ்கிரெஸ்ட்

பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி டெஹாச்சபி கணவாய் ஏறி இறங்கினால் பாலைவனம். ரிட்ஜ்கிரெஸ்டில் தங்கல். 2019 ஜூலை 4 அன்று இங்கே 6.4 அளவில் நிலநடுக்கம், மறுநாள் இரவு 7.1. டிரோனா போகும் 178-ஆம் சாலையை வெட்டிக்கொண்டு போன பிளவு இது, சாலையைச் சரிசெய்துவிட்டார்கள், இருபுறமும் பாலைவனத்தில் தடம் இன்னும் தேடினால் தெரிகிறது. சான் ஆண்ட்ரியாஸ் இங்கிருந்து நூறு கி.மீ.க்கு மேல். கலிபோர்னியாவில் இருபது வருடத்தில் வந்த ஆகப் பெரிய நிலநடுக்கம் "எல்லை"யில் வரவே இல்லை. இன்னொரு விசித்திரம், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்த இரண்டு பிளவுகள் அடுத்தடுத்து உடைந்தன. ஒரே வெட்டாகப் பழகிய எல்லையில் இப்படி நடக்காது. புதிதாக நொறுங்கிக்கொண்டிருக்கும் நிலத்தில்தான் நடக்கும்.

இதைச் சொன்னதும் மாமாவுக்கு 2012 ஏப்ரல் 11 நினைவுக்கு வந்துவிட்டது. அன்று சென்னையில் உறவினர் வீட்டில் இருந்திருக்கிறார். மதிய நேரம், மின்விசிறி ஆடியது, அடுக்குமாடியே இறங்கித் தெருவில் நின்றது, சுனாமி வருமோ என்று 2004-ஐ நினைத்து எல்லோரும் பயந்தார்கள், பெரிதாக ஒன்றும் வரவில்லை. அது 8.6. சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில், தட்டின் ஓரத்தில் இல்லாமல் உள்ளேயே வந்த நிலநடுக்கம். அங்கேயும் ஒன்றுக்கொன்று செங்குத்தான பல பிளவுகள் சேர்ந்து உடைந்தன. பக்கவாட்டில் நகரும் வகை நிலநடுக்கங்களில் கருவிகள் பதிவுசெய்ததிலேயே பெரியது அதுதான். பக்கவாட்டு நகர்வு என்பதால் கடல்நீரை மேலே தள்ளவில்லை, நாம் தப்பித்தோம். இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு மூன்றாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே கடல்தரை நூற்றுக்கணக்கான கி.மீ. அகலத்தில் மடிந்து கிடப்பதைக் கப்பலில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 1987-ல் அங்கே துளையிட்டுப் பார்த்ததில் இந்த மடிப்பு ஆரம்பித்து எழுபது எண்பது லட்சம் வருடம் ஆகிறது என்று தெரிந்தது. ஆக, கடல் தட்டு என்றால் எப்போதும் விறைப்பு என்றும் சொல்லிவிட முடியாது, போதுமான அளவு நெருக்கினால் அதுவும் மடங்கும்.

செவ்வாய், லோன் பைன்

மேற்கே சியரா நெவாடா மலை சுவர் மாதிரி நிற்கிறது, விட்னி சிகரம் 4,421 மீட்டர். ஊருக்குக் கொஞ்சம் மேற்கே, கூழாங்கல்லும் பாறையும் கலந்த ஒரு மேடு ஆளுயரத்தையும் தாண்டி நீளமாகப் போகிறது. 1872 மார்ச் 26 விடியற்காலையில் வந்த நிலநடுக்கத்துக்கும் அதற்கு முன் வந்தவற்றுக்கும் சேர்ந்த சாட்சி அது. லோன் பைனில் 27 பேர் இறந்தார்கள், வடக்கே சாலையோரம் அவர்களைச் சேர்த்துப் புதைத்த இடம் வேலி போட்டு இருக்கிறது. தெற்கே டயஸ் ஏரி, அன்று நிலம் தாழ்ந்ததால் உண்டான ஏரி. நாங்கள் போனபோது இரண்டு பேர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காணாமல் போன 15-ல் பெரும்பங்கு, வருடத்துக்குச் சுமார் 10 மி.மீ., இந்தப் பக்கம்தான் இருக்கிறது. மொஹாவே பாலைவனத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ரீனோவுக்கு அப்பாலும் போகும் உடைசல் பகுதி. வடபகுதிக்கு வாக்கர் லேன் என்று பெயர். பசிபிக் தட்டோடு வடமேற்கே போக வேண்டிய நகர்வில் ஐந்தில் ஒரு பங்கை இது வாங்கிக்கொள்கிறது. இன்னும் பல லட்சம் வருடத்தில் எல்லையே இங்கே மாறிவிடலாம் என்று நினைக்கும் புவியியலாளர்களும் இருக்கிறார்கள். அப்படி ஆனால் பார்க்ஃபீல்டு போர்டைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட வேண்டும்.

மாமா இரண்டு நாளாக ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாமே நகருதுன்னா எதைத் தொட்டு அளக்கிறீங்க? நகராத கல் ஒண்ணு வேணுமே." சர்வே வேலையில் இதுதான் முதல் கேள்வி, ஆதாரக் கல் அசைந்திருந்தால் அதைத் தொட்டு அளந்த எல்லாமே தப்பு. அதற்காகவே பிக் பைனுக்கு வடக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வானொலி ஆய்வகம் வரை கூட்டிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்தே பெரிய வெள்ளை டிஷ்கள் தெரிகின்றன, அதில் பெரியதன் குறுக்களவு 40 மீட்டர். கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் குவாசர்கள் என்ற பிரகாசமான விண்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலையை இங்கேயும் கண்டத்தின் வேறு இடங்களிலும் ஒரே நேரத்தில் பிடித்து, வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து இரண்டு டிஷ்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடுவார்கள். குவாசர் அவ்வளவு தொலைவில் இருப்பதால் நம் கணக்குக்கு அது அசையாது. இப்படிக் கிடைத்த அளவுகளை வைத்து 1991-ல் ஆர்கஸும் கோர்டனும் ஒன்றைக் காட்டினார்கள்: சியரா நெவாடா மலையும் அதற்கு மேற்கே உள்ள கலிபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கும் சேர்ந்து ஒரே விறைப்பான துண்டாக, அமெரிக்காவின் உட்பகுதியைப் பார்க்க வருடத்துக்குச் சுமார் 11 மி.மீ. வடமேற்கே போகிறது. அதாவது வட அமெரிக்கத் தட்டின் மேல் இருப்பதாகப் போர்டு சொல்லும் நிலம் வட அமெரிக்கத் தட்டோடு போகவில்லை.

"வானத்துல கல் நட்டிருக்காங்க" என்றார் மாமா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

புதன், மரணப் பள்ளத்தாக்கு

வெயில். அக்டோபரில் இப்படி என்றால் ஜூலையில் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். பேட்வாட்டர் கடல்மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர், எதிரே டெலஸ்கோப் பீக் 3,366 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு உப்பளம். தரை விழுந்துகொண்டே இருக்க, மலைச்சரிவிலிருந்து மண் வந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. தெற்கே ஒரு சின்ன எரிமலைக் குன்றைப் பிளவு நடுவில் அறுத்து இரண்டு பாதியாக விலக்கியிருக்கிறது.

இந்த நிலம் ஏன் இப்படித் தளர்ந்து போனது என்பதற்கு விடை சூட்டில் இருக்கிறது. கமர்கட் ஆறினால் உடையும், சூட்டில் இழுபடும், பாறையும் அப்படித்தான். கண்டப் பாறையில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய, அது 300 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல ஒழுக ஆரம்பித்துவிடும். இந்தப் பகுதியில் கீழே சூடு அதிகம் என்பதால் பத்துப் பதினைந்து கி.மீ. ஆழத்திலேயே அந்த நிலை வந்துவிடுகிறது, நிலநடுக்கங்களும் அதற்குக் கீழே அவ்வளவாகப் பிறப்பதில்லை. கடல்தரைக்கு அடியில் இருப்பது ஆலிவின் என்ற வேறு கனிமம். அது 600, 700 டிகிரி வரை தாங்கும், பழைய கடல்தரை நன்றாக ஆறியும் போயிருக்கும். பசிபிக் தட்டு இங்கிருந்து ஜப்பான் வரை ஒரே பலகையாகப் போவதும், அதோடு உரசும் கண்டம் நூற்றுக்கணக்கான கி.மீ.க்கு நசநசத்துப் போவதும் இதனால்தான். "தட்டு விறைப்பா இல்லையா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தட்டு, அதில் எந்த இடம், அடியில் எவ்வளவு சூடு என்று கேட்க வேண்டும்.

வியாழன், 95-ஆம் சாலை

பியாட்டி, டோனோபா, ஹாதார்ன், ஃபாலன். ஓட்டியதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. மலை, பள்ளம், மலை, பள்ளம். மாமா தூங்கினார். இடையே ஒரு பெட்ரோல் பங்கில் கிடைத்த காபியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

வெள்ளி, ஃபேர்வியூ பீக்

நேற்று அலுப்பாகத் தெரிந்த அதே மலை-பள்ளம்தான் விஷயமே. சியரா நெவாடாவிலிருந்து யூட்டா வரை தரை கிழக்கு மேற்காக இழுபட்டு, துண்டு துண்டாக உடைந்து சாய்ந்து நிற்கிறது. உயர்ந்த துண்டு மலை, தாழ்ந்தது பள்ளம். கடந்த ஒன்றரைக் கோடி வருடத்தில் சியரா நெவாடா இப்படி 200 கி.மீ.க்கும் மேல் மேற்கே தள்ளிப் போயிருக்கிறது. ஒரு தட்டின் உட்பகுதி 200 கி.மீ. நீண்டிருக்கிறது என்றால் அதை விறைப்பு என்று எந்த அகராதியில் சொல்வது?

ஃபாலனுக்குக் கிழக்கே 50-ஆம் சாலையில் நிலநடுக்கப் பிளவுகள் என்று ஒரு போர்டு, அதில் திரும்பி மண் சாலையில் போனால் ஃபேர்வியூ பீக் அடிவாரம். 1954 டிசம்பர் 16 அன்று இங்கே 7.1, நான்கே நிமிடத்தில் வடக்கே டிக்ஸி பள்ளத்தாக்கில் 6.8. மலையடிவாரம் முழுக்க நிலம் விலகி, பத்தடிக்கு மேல் உயரமான மண்சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. மழை குறைவு என்பதால் கரையவில்லை. சான் பிரான்சிஸ்கோ பக்கம் சான் ஆண்ட்ரியாஸ் கடக்கும் இடத்திலிருந்து இது சுமார் 400 கி.மீ.

மாமா அந்தச் சுவரின் அடியில் ரொம்ப நேரம் நடந்தார். திரும்பி வந்து, "புறம்போக்கு மாதிரி வச்சுக்கலாம் மாப்பிள்ளை" என்றார். "அந்தப் பக்கம் ஒருத்தர் பட்டா, இந்தப் பக்கம் ஒருத்தர் பட்டா, நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டு பேரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதுக்குக் கோடு போடக்கூடாது, பரப்புதான் போடணும்." புவியியலாளர் தான்யா அட்வாட்டர் 1970-லேயே ஏறக்குறைய இதைத்தான் எழுதினார், மேற்கு அமெரிக்காவின் தட்டு எல்லையை அகலமான, மிருதுவான பகுதியாகப் பார்க்கலாம் என்று. பாடப் புத்தகங்கள் இன்னும் கோடுதான் போடுகின்றன. அச்சிட வசதி, வேறென்ன.

மதியச் சாப்பாடு மிடில்கேட்டில், கூரை முழுக்க டாலர் நோட்டு ஒட்டிய கடை.

சனி, ரீனோ

இங்கே நெவாடா பல்கலைக்கழகத்தில் ஒரு நிலவளவை ஆய்வகம் இருக்கிறது, உலகம் முழுக்க உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் நிலையங்களின் நகர்வைத் தினமும் கணக்கிட்டு இலவசமாக வெளியிடுகிறார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து மாமாவும் நானும் அதைத் திறந்துவைத்துப் பார்த்தோம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் ஒரு நிலையத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு மி.மீ.க்கும் கீழ், அங்கே மோர்கனின் விறைப்பு உண்மை. கனடா பக்கம் ஹட்சன் விரிகுடாவைச் சுற்றி மட்டும் பனிப்பாளத்தின் பாரம் இறங்கியதால் தரை வருடத்துக்கு ஒரு செ.மீ. அளவு எழும்பிக்கொண்டிருக்கிறது. யூட்டாவிலிருந்து மேற்கே வர வர, நகர்வைக் காட்டும் அம்புக்குறிகள் நீள்கின்றன, திரும்புகின்றன, வாக்கர் லேனில் சட்டென்று வேகம் எடுக்கின்றன, கடற்கரையில் 50-ஐத் தொடுகின்றன. எங்கேயும் ஒரே தாவலாக மாறவில்லை. இதே ஆய்வகத்தைச் சேர்ந்த கிரீமரும் அந்தப் பழைய கோர்டனும் 2014-ல் இன்னொன்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள்: பசிபிக் தட்டின் இளைய பகுதி ஆறும்போது சுருங்குகிறது, அதனால் பசிபிக் கூட முழு விறைப்பு இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் சமாச்சாரம்தான், இருந்தாலும் விறைப்புக்குப் பெயர் போன தட்டே இப்படி.

மாமா கேட்டது பெங்களூரும் ஹைதராபாத்தும். இரண்டுமே வடகிழக்கே வருடத்துக்கு ஐந்து செ.மீ.க்கு மேல் போகின்றன, கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக. "நம்ம ஊர் கெட்டி" என்றார். தெற்கே கடலில் மடிகிறதே என்றேன். அங்கே யாருக்கும் பட்டா இல்லை என்றார்.

நாளை 80-ஆம் சாலை வழியாக வீடு. யாராவது போவதானால் சில தகவல்: கரிசோவின் மண் சாலைகளில் மழை பெய்தால் போகவே வேண்டாம், களிமண், வண்டி நின்றுவிடும். ஃபாலனில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், 50-ஆம் சாலையில் அடுத்து எங்கே கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. மரணப் பள்ளத்தாக்கில் பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லை, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஃபேர்வியூ மண் சாலை சாதாரணக் காருக்கே போதும், மெதுவாகப் போனால்.